புயல் எச்சரிக்கையோடு சேர்ந்தே வரும் மோசடிச் செய்திகள்: முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம்?

மழைமானி (இழையைத் தொடங்கியவர்)

புயல் பருவம் நெருங்கும்போதெல்லாம் வானிலை அறிக்கைகளுக்குச் சற்றும் சளைக்காமல் இன்னொரு வகைச் செய்தியும் தொலைபேசியில் வந்து விழத் தொடங்குகிறது. "நிவாரணத் தொகைக்கு உங்கள் பெயர் தேர்வாகியுள்ளது, பதிவு செய்ய இங்கே அழுத்தவும்." "மின் கட்டணம் நிலுவை; இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்." "புயல் இப்போது எங்கே இருக்கிறது என்பதை நேரலையில் காண இந்தச் செயலியை நிறுவவும்."

இதைப் பற்றி வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை "விழிப்புடன் இருங்கள்" என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொள்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கூரை ஒழுகிக்கொண்டிருக்கிறது, தொலைபேசியில் சார்ஜ் கடைசிக் கோட்டில் நிற்கிறது, டவர் வருவதும் போவதுமாக இருக்கிறது. அந்த நேரத்தில் யாரால் விழிப்புடன் இருக்க முடியும்? பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்பது, அலுவலகத்துக்கு நேரில் போய் விசாரிப்பது, இணையதளத்தைத் திறந்து பார்ப்பது என்று சாதாரண நாட்களில் நாம் செய்யும் சரிபார்ப்புகள் எல்லாம் அன்றைக்கு அடைபட்டுப் போகின்றன. மோசடிக்காரன் காத்திருப்பதே அந்த நாளுக்காகத்தான்.

ஆகவே என் கட்சி இது: முடிவுகளை வானம் தெளிவாக இருக்கும்போதே எடுத்து வைத்துவிட வேண்டும். புயலன்று யோசிக்க வேண்டிய வேலையே இருக்கக் கூடாது. எந்தெந்த முடிவுகள் என்று இங்கே கூடிப் பேசலாம். பொதுவான அறிவுரைகள் வேண்டாம்; செய்யக்கூடியதைச் சொல்லுங்கள்.

---

வலைப்பின்னல்

செயலியிலிருந்து தொடங்குகிறேன். 2024 நவம்பரில் சுவிட்சர்லாந்தில் நடந்தது நம் இழைக்கென்றே செய்து கொடுத்தது போல் இருக்கிறது. மக்களின் வீட்டு அஞ்சல் பெட்டிக்கு அச்சிட்ட கடிதங்கள் வந்தன. அனுப்பியவர் இடத்தில் அந்நாட்டு வானிலைத் துறையின் பெயர். கடும் வானிலை எச்சரிக்கைகளுக்காகப் புதிய செயலி வந்திருக்கிறது, கீழே உள்ள கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து நிறுவிக்கொள்ளுங்கள் என்று கடிதம் சொன்னது.

அங்கே 'அலர்ட்சுவிஸ்' என்ற பெயரில் அரசின் உண்மையான எச்சரிக்கைச் செயலி ஏற்கெனவே இருக்கிறது. போலியும் அதே பெயரைத்தான் வைத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் வரும் 'எஸ்' மட்டும் பெரிய எழுத்து, அவ்வளவுதான் வேறுபாடு. ஆண்ட்ராய்டு தொலைபேசியில் நிறுவியவர்களுக்கு உள்ளே புகுந்தது 'கோப்பர்' என்ற வங்கித் திருட்டு நிரல். வங்கிச் செயலிகள் உட்பட 380-க்கும் மேற்பட்ட செயலிகளின் உள்நுழைவு விவரங்களைத் திருட முயலக்கூடியது அது என்று அந்நாட்டின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் எச்சரித்தது.

இதிலிருந்து வருகிற முடிவு எளிது. உங்கள் நாட்டு வானிலைத் துறையின் செயலி வேண்டுமென்றால் இன்றைக்கே, தொலைபேசியோடு வந்த செயலிக் கடையிலிருந்து, துறையின் சொந்த இணையதளம் காட்டும் இணைப்பின் வழியாகப் போய் நிறுவிக்கொள்ளுங்கள். புயல் எச்சரிக்கை அறிவிக்கப்பட்ட பிறகு எந்தப் புதிய செயலியையும் நிறுவுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பாக (செயலிக் கடைக்குப் போகாமலே ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) வருவதைப் பருவம் எதுவானாலும் தொடவே வேண்டாம்.

---

தூறல்

கடிதத்தில் வந்ததா! கியூ.ஆர். குறியீடு என்றால் கண்ணால் படித்துப் பார்க்கவும் முடியாது.

எனக்கு ஒரு கேள்வி. அப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கிறார்கள். இணைய முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம், இல்லையென்றால் மூடிவிடுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது போதுமா?

---

வலைப்பின்னல்

போதாது. பூட்டு சொல்வதெல்லாம் உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டும்தான். அந்தத் தளத்தை நடத்துபவன் யோக்கியனா என்று அது சொல்வதில்லை. அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, மோசடிக்காரனுக்கும் கிடைக்கிறது. பூட்டைப் பார்த்து மக்கள் தவறான நம்பிக்கை கொள்கிறார்கள் என்பதால்தான் 2023-இல் குரோம் உலாவி அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

பார்க்க வேண்டியது முகவரியை. அதையும் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இப்படி ஒரு முகவரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: மின்வாரியம்.கட்டணம்-புதுப்பி.காம். இடப்பக்கம் மின்வாரியம் என்று இருப்பதைப் பார்த்து நம் கண் ஏமாந்துவிடும். ஆனால் தளத்தின் உரிமையாளர் 'கட்டணம்-புதுப்பி.காம்' என்பதைப் பதிவு செய்தவர்தான். அதற்கு இடப்பக்கம் அவர் எந்தப் பெயரையும் ஒட்டிக்கொள்ளலாம், தடுப்பார் யாரும் இல்லை. முதல் சாய்கோட்டுக்கு முன்னால், கடைசியில் என்ன இருக்கிறது என்பதே கணக்கு. அரசுத் தளங்கள் பெரும்பாலும் அரசுக்கென்று ஒதுக்கிய முடிவுச் சொல்லோடுதான் இருக்கும்.

புயல் பருவத்துக்கே உரிய சங்கதி ஒன்றும் உண்டு. புயல்களின் பெயர்கள் இரகசியம் அல்ல. வட இந்தியப் பெருங்கடலுக்கு 13 நாடுகள் சேர்ந்து கொடுத்த 169 பெயர்களின் பட்டியல் 2020-லேயே வெளியாகிவிட்டது. அட்லாண்டிக்கில் ஆறு பட்டியல்கள் மாறி மாறிச் சுழல்கின்றன. பெரிய அழிவை உண்டாக்கிய பெயர்களை மட்டும் நீக்கிவிட்டு வேறு பெயர் சேர்ப்பார்கள். ஆக, அடுத்து வரும் புயலின் பெயர் நமக்குத் தெரிவது போலவே மோசடிக்காரனுக்கும் தெரியும். அந்தப் பெயரோடு 'நிவாரணம்', 'உதவி' என்று சேர்த்து முகவரியை முன்பே வாங்கி வைத்துக்கொள்ள அவனுக்கு ஒரு தடையும் இல்லை. ஒரு முகவரி எப்போது பதிவானது என்பதை 'ஹூ இஸ்' தேடலில் எவரும் பார்க்கலாம். பல்லாண்டு சேவை என்று மார்தட்டும் அமைப்பின் முகவரி போன வாரம்தான் பிறந்திருக்கிறது என்றால் மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லை.

---

சந்தேகப்பிராணி

இந்த வலமிருந்து இடம், ஹூ இஸ் எல்லாம் உங்களைப் போன்றவர்களுக்குச் சரி. வீட்டில் இருக்கும் பெரியவர்கள் செய்வார்களா? நான் வைத்திருக்கும் விதி சுலபமானது: இணையத்தில் யார் நன்கொடை கேட்டாலும் கொடுப்பதில்லை. நிவாரணம் தருகிறோம் என்று யார் சொன்னாலும் நம்புவதில்லை. தீர்ந்தது வேலை.

---

பழங்கணக்கு

சந்தேகப்பிராணி ஐயா, வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் உங்கள் விதியின் அருமை எனக்குப் புரிகிறது. ஆனால் எல்லோரும் அப்படிக் கதவைச் சாத்திக்கொண்டால் வெள்ளத்தில் நிற்பவருக்கு யார் கொடுப்பது? உண்மையான நிவாரணம் வரும்போது அதையும் அல்லவா தள்ளிவிடுவீர்கள்? மோசடிக்குப் பயந்து அரசு உதவிக்கு விண்ணப்பிக்காமல் விடுவதும் நட்டம்தான்.

கொடுக்கலாம். நாமே தேடிப் போய்க் கொடுக்க வேண்டும். தேடி வந்த இணைப்பில் கொடுக்கக் கூடாது. என் விதி இந்த ஒரு வரிதான், பெரியவர்களுக்கும் புரியும்.

ஏன் என்பதற்கு ஒரு சம்பவம். 2020 மார்ச்சில், கொரோனா தொடங்கிய நேரத்தில், இந்தியப் பிரதமரின் பெயரால் 'பி.எம். கேர்ஸ்' நிதி அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த சூட்டோடு சூடாக அதே போன்ற யு.பி.ஐ. முகவரி ஒன்றும் உலவ ஆரம்பித்தது. உண்மையான முகவரியில் 'கேர்ஸ்', போலியில் 'கேர்'. ஆங்கிலத்தில் கடைசி ஒற்றை எழுத்துதான் குறைவு. தில்லிக் காவல்துறையும் வங்கியும் தலையிட்டு அதை முடக்கின. நல்லெண்ணத்தில் அவசரமாக ஃபார்வர்டு செய்தவர்களில் எத்தனை பேர் அந்த எழுத்தை எண்ணிப் பார்த்திருப்பார்கள்?

அது தொற்றுநோய்க் காலம். புயலுக்கும் இதே கதைதான், இன்று நேற்றும் அல்ல. 2005-இல் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவைத் தாக்கிய பிறகு மோசடிகள் எந்த அளவுக்குப் பெருகின என்றால், அந்நாட்டு நீதித்துறை அடுத்த மாதமே அதற்கென்று ஒரு தனிக்குழுவை அமைக்க வேண்டியதாயிற்று. பிற்பாடு அது எல்லாப் பேரிடர்களுக்குமான தேசிய மையமாக வளர்ந்து இன்றும் இயங்குகிறது.

பணம் அனுப்புமுன் திரையில் பெறுநரின் பெயர் வரும். நிதியின் பெயரோ அமைப்பின் பெயரோ வர வேண்டிய இடத்தில் தனி நபர் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். "அமைப்பின் கணக்கு இன்னும் திறக்கவில்லை, தற்காலிகமாகச் செயலாளர் கணக்கில் வாங்குகிறோம்" என்ற விளக்கத்தை நான் பணியில் இருந்த காலத்தில் நிறையக் கேட்டிருக்கிறேன். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும்; அப்போதும் கணக்கு திறந்த பிறகு கொடுக்கலாமே, என்ன கெட்டுவிடப் போகிறது?

---

மழைமானி

பழங்கணக்கு ஐயா சொன்ன ஒரு வரி விதியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அதோடு படங்களைப் பற்றியும் சேர்க்க வேண்டும். 2023 பிப்ரவரியில் துருக்கியிலும் சிரியாவிலும் நிலநடுக்கம் வந்தபோது, தீயணைப்பு வீரர் ஒருவர் குழந்தையை அணைத்துக்கொண்டு நிற்கும் படத்தைப் போட்டு நன்கொடை கேட்டார்கள். உற்றுப் பார்த்தால் அவர் கையில் ஆறு விரல்கள். செயற்கை நுண்ணறிவு வரைந்த படம். 2024 செப்டம்பரில் ஹெலீன் சூறாவளியின்போது படகில் நாய்க்குட்டியைக் கட்டிக்கொண்டு அழும் சிறுமியின் படம் பரவியது. அப்படி ஒரு சிறுமியே இல்லை.

இந்த வித்தைக்குச் செயற்கை நுண்ணறிவு வரும்வரை காத்திருக்கவும் இல்லை. வெள்ளம் சூழ்ந்த நெடுஞ்சாலையில் சுறா நீந்தும் படம் 2011-இல் ஐரீன் சூறாவளியின்போது வந்தது. அதன்பிறகு பெரிய சூறாவளி எது வந்தாலும் அந்தச் சுறாவும் தவறாமல் வந்துவிடுகிறது. அதற்கு ஓய்வு வயதே கிடையாது போலும்.

---

சந்தேகப்பிராணி

விரல் எண்ணும் காலம் மலையேறிவிட்டது, மழைமானி. இப்போது வரும் படங்களில் விரல்கள் சரியாக ஐந்துதான் இருக்கின்றன. குரலையும் முகத்தையும்கூட அச்சு அசலாக உருவாக்குகிறார்கள். "உற்றுப் பார்த்தால் தெரியும்" என்று சொல்லிக் கொடுத்தால், உற்றுப் பார்த்தும் தெரியாத படத்தை மக்கள் உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள். அது இன்னும் மோசம்.

---

மழைமானி

இதை மறுக்க முடியவில்லை. படம் மெய்யா பொய்யா என்று ஆராய்வதை விட்டுவிட்டு, பணம் யார் கைக்குப் போகிறது என்று மட்டும் பார்ப்பது மேல். உண்மையான படத்தைத் திருடிப் போட்டும் வசூலிக்கிறார்கள் அல்லவா?

---

ஓட்டுவீடு

நீங்கள் எல்லோரும் புயலுக்கு முன்னாலும் நடுவிலும் நடப்பதைப் பேசுகிறீர்கள். கட்டட வேலைக்காரன் என்பதால் பிறகு நடப்பதை நான் சொல்கிறேன். பெரிய கொள்ளை அங்கேதான்.

காற்று ஓய்ந்ததும் கூரை போனவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆள் தேடுவார்கள். கைவசம் உள்ள நல்ல ஆட்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அந்த இடைவெளியில் சமூக ஊடகத்தில் புதிதாகப் பக்கங்கள் முளைக்கும். "நாளைக்கே வருகிறோம், பொருள் வாங்கப் பாதித் தொகையை இப்போதே அனுப்புங்கள்." போட்டிருக்கும் படங்கள் வேறு யாரோ செய்த வேலையுடையவை. பணம் போனதும் எண் அணைந்துவிடும். நேர்மையானவர்களும் முன்பணம் கேட்பார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் வந்து இடத்தை அளந்திருப்பார், எழுத்தில் மதிப்பீடு கொடுத்திருப்பார், முன்பு வேலை செய்த வீட்டைக் காட்டுவார். வந்தே பார்க்காமல் பணம் கேட்பவர் வேலைக்காரர் அல்ல. என்னைக் கேட்டால் இதற்கும் மழைமானியின் வழிதான்: கூரை நன்றாக இருக்கும்போதே நம்பகமான ஒருவரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், பம்பு விற்கும் போலிக் கடைகளும் அப்படித்தான். மற்ற கடைகளில் சரக்கே இல்லாத நேரத்தில் பாதி விலைக்குக் குவித்து வைத்திருப்பதாகச் சொல்லும் கடையில் உண்மையில் ஒன்றுமே இருக்காது.

அடுத்து, அதிகாரி வேடம். அமெரிக்காவில் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமா ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது: சேதத்தைப் பார்க்க வரும் அதன் ஆய்வாளரிடம் உங்கள் ஒன்பது இலக்கப் பதிவு எண் ஏற்கெனவே இருக்கும், உங்களிடம் கேட்க மாட்டார். ஆய்வுக்கோ விண்ணப்பத்துக்கோ கட்டணமும் கிடையாது. எந்த நாட்டுக்கும் இந்த உரைகல் பொருந்தும். உங்கள் விண்ணப்பத்தைப் பார்த்து வந்ததாகச் சொல்பவரிடம் விண்ணப்ப எண்ணை அவரையே சொல்லச் சொல்லுங்கள். நிவாரணம் கொடுக்க வந்தவர் உங்களிடமிருந்து பணம் கேட்டால் அது நிவாரணம் அல்ல.

காப்பீடு உள்ளவர்களுக்கும் ஒன்று. 2017-இல் ஹார்வி சூறாவளியின்போது, "உங்கள் வெள்ளக் காப்பீட்டுத் தவணை பாக்கி, உடனே கட்டாவிட்டால் காப்பீடு ரத்து" என்று பதிவு செய்த குரலில் அழைப்புகள் வந்தன. புயல் தலைக்கு மேல் நிற்கும்போது அதைக் கேட்டால் யார்தான் பதறமாட்டார்கள்? பாலிசிப் பத்திரத்தில் உள்ள எண்ணை இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

---

தூறல்

ஓட்டுவீடு அண்ணன் சொன்னதைப் படித்தபோது எனக்கு அப்பாவுக்கு வந்த மின்வாரியச் செய்திதான் நினைவுக்கு வந்தது. "இன்றிரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், சென்ற மாதக் கட்டணம் பதிவாகவில்லை, இந்த அதிகாரியை அழைக்கவும்." கீழே ஒரு சாதாரணக் கைப்பேசி எண். ஏற்கெனவே மழையில் மின்சாரம் போய்ப் போய் வந்துகொண்டிருந்ததால் அப்பா அதை நம்பியே விட்டார். அழைப்பதற்குள் அம்மா தடுத்துவிட்டார். அழைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

---

பழங்கணக்கு

நடப்பதைச் சொல்கிறேன், அம்மா. எடுப்பவர் மிகவும் மரியாதையாகப் பேசுவார். "கட்டணம் வந்திருக்கிறது ஐயா, கணினியில் ஏறவில்லை. பத்து ரூபாய் மட்டும் செலுத்தினால் புதுப்பித்துவிடலாம்" என்பார். தொகை சிறியது, மனம் இளகும். அதற்காக ஒரு செயலியை நிறுவச் சொல்வார். அது நம் தொலைபேசித் திரையை அவர் தன் இடத்திலிருந்து பார்ப்பதற்கும் இயக்குவதற்குமான செயலி. நேர்மையான வேலைக்காக உருவானதுதான், செயலிக் கடையிலேயே கிடைக்கும், அதனால் சந்தேகம் வராது. பிறகு நீங்கள் அந்தப் பத்து ரூபாயைச் செலுத்தும்போது தட்டுவதெல்லாம் அவருக்குத் தெரியும். வரும் ஓ.டி.பி.யும் தெரியும். பத்து ரூபாயில் தொடங்கியது கணக்கைத் துடைத்த பிறகுதான் நிற்கும்.

பணத்தைப் பெறுவதற்கு நம் இரகசிய எண்ணான 'பின்' தேவையில்லை என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். நிவாரணத் தொகை வரவாக வேண்டுமானால் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள் என்று யாராவது சொன்னால், வரவு அவருக்கு, பற்று உங்களுக்கு.

பணம் போய்விட்டால் நேரம்தான் எல்லாம். இந்தியாவில் இணையப் பண மோசடியைத் தெரிவிப்பதற்கான உதவி எண் 1930. போன பணம் பல கணக்குகளுக்குச் சிதறுவதற்குள் தகவல் போய்ச் சேர்ந்தால் நடுவில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை வகுத்த கணக்கு இப்படி: வங்கியின் மீதும் உங்கள் மீதும் தவறில்லாமல் வேறெங்கோ நடந்த கோளாறு என்றால், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்து 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பு இல்லை. நீங்களே இரகசிய எண்ணைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது உங்கள் தலையில். தெரிவித்த பிறகு போவது வங்கியின் தலையில். அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் காலை வரை பொறுத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் காசுதான்.

நாட்டுக்கு நாடு இது மாறும். பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டு வாடிக்கையாளர் தானே அனுப்பிய பணத்தையும், சில விதிவிலக்குகளோடு, 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நீங்கள் இருக்கும் நாட்டின் விதியைப் பருவத்துக்கு முன்பே ஒருமுறை பார்த்து வையுங்கள்.

கடைசியாக, பணம் இழந்தவரைத் தேடி இரண்டாவது கூட்டம் வரும். "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறிய கட்டணம் மட்டும்" என்பார்கள். ஏமாந்தவர்களின் பட்டியல் அவர்களுக்குள்ளேயே கைமாறும். அவர்களிடமும் சிக்கிக்கொள்ளாதீர்கள்.

---

உடனடிமீட்பு_சேவை

[இப்பதிவு நெறியாளரால் நீக்கப்பட்டது]

---

நெறியாளர்

மேலே உள்ள பதிவில், இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி ஒரு தொடர்பு எண் தரப்பட்டிருந்தது. பழங்கணக்கு அவர்களின் பதிவு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தக் கணக்கு முடக்கப்பட்டது. தனிமடலில் இதே போன்ற செய்தி வந்தவர்கள் புகார் பொத்தானை அழுத்துங்கள்.

---

சந்தேகப்பிராணி

வாழ்க! இதைவிடப் பொருத்தமான விளக்கப்படம் இந்த இழைக்குக் கிடைக்காது.

ஆனால் பழங்கணக்கு ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். புயலடிக்கும் இரவில் டவரே இல்லாதபோது உதவி எண்ணை எப்படி அழைப்பது? அழைத்தாலும் காத்திருப்பு இசையைத்தான் கேட்க வேண்டியிருக்கும். தொலைபேசி நனைந்து செத்துப் போனால் எந்த எண் பயன்படும்?

---

பழங்கணக்கு

நியாயமான கேள்வி. அதனால்தான் இழப்பின் அளவை முன்பே கட்டி வைக்க வேண்டும் என்பேன். பெரும்பாலான வங்கிச் செயலிகளில் ஒரு நாளில் எவ்வளவு அனுப்பலாம் என்ற உச்சவரம்பை நாமே குறைத்துக்கொள்ளலாம். பருவம் தொடங்கும்போது அதை வீட்டுச் செலவுக்குப் போதுமான அளவுக்கு இறக்கிவிடுங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனை தேவையில்லை என்றால் அட்டையில் அதை அணைத்து வையுங்கள். பெரிய சேமிப்பு ஒரு கணக்கிலும், அன்றாடச் செலவுக்கான தொகை வேறொரு கணக்கிலும் இருக்கட்டும். தொலைபேசிச் செயலி இரண்டாவதோடு மட்டும் இணைந்திருக்கட்டும். இப்படிச் செய்துவிட்டால், மோசடி வெற்றி பெற்றாலும் போவது ஒரு நாள் செலவுதான். உதவி எண் மறுநாள் கிடைத்தாலும் குடி முழுகாது.

வங்கி எண், காவல்துறை எண், காப்பீட்டு எண், மின்வாரிய எண் நான்கையும் தாளில் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் குடும்ப அட்டைகளோடு வைத்துவிடுங்கள். தொலைபேசி செத்தால் வேறொருவர் தொலைபேசியிலிருந்து அழைக்கலாம்.

---

சந்தேகப்பிராணி

உச்சவரம்பு யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. இப்போதுதான் செயலியைத் திறந்து குறைத்தேன். இவ்வளவு நாளும் என் மொத்தக் கணக்கையும்விட அதிகமாக அந்த வரம்பு இருந்திருக்கிறது.

---

வலைப்பின்னல்

"அவசர எச்சரிக்கை பெற உங்கள் எண்ணைப் பதிவு செய்யுங்கள்" என்று வரும் இணைப்புகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்போது பல நாடுகளில் செல் ஒலிபரப்பு முறை இருக்கிறது. ஒரு பகுதியில் உள்ள டவர்கள் தங்கள் எல்லைக்குள் இருக்கும் எல்லாத் தொலைபேசிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் செய்தி அது. உரத்த, வழக்கத்துக்கு மாறான ஒலியோடு திரையில் வந்து நிற்கும். யாருடைய எண்ணும் அதற்குத் தேவையில்லை, நீங்கள் எங்கும் பதிவு செய்யவும் தேவையில்லை. அந்த எச்சரிக்கைக்காக உங்கள் பெயர், அடையாள எண், வங்கி விவரம் கேட்கும் பக்கம் எதுவாக இருந்தாலும் மூடிவிடலாம். தொலைபேசி அமைப்புகளில் அவசர எச்சரிக்கைகள் அணைந்து கிடக்கின்றனவா என்று இன்றே பார்த்துவிடுங்கள். பலர் அந்த ஒலி பிடிக்காமல் அணைத்து வைத்திருப்பார்கள்.

நிவாரண முகாமில் பொது யு.எஸ்.பி. துளையில் சார்ஜ் போட்டால் தகவல் திருடுபோகும் என்று அச்சுறுத்தும் செய்திகளும் சுற்றும். அதற்கு நான் தூக்கம் கெட மாட்டேன். இன்றைய தொலைபேசிகள் தரவைக் கொடுக்குமுன் திரையில் அனுமதி கேட்கும். மறுத்துவிட்டால் சார்ஜ் மட்டும் ஏறும். அந்தப் பயத்தில் தொலைபேசியை அணைந்துபோக விடுவதுதான் உண்மையான ஆபத்து.

---

தூறல்

அப்பாவிடம் இவற்றையெல்லாம் பேசிப் பார்த்தேன். உச்சவரம்புக்கு ஒப்புக்கொண்டார், எண்களைத் தாளிலும் எழுதிவிட்டார். "தானாக வரும் அழைப்பை வைத்துவிடுங்கள், தாளில் உள்ள எண்ணை நீங்கள் கூப்பிடுங்கள்" என்றேன். "அது உண்மையான மின்வாரிய அதிகாரியாக இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டாரா?" என்கிறார். மரியாதைக் குறைவாக நடந்துகொள்வதில் அவருக்கு விருப்பம் இல்லை. என்ன சொல்வது?

---

பழங்கணக்கு

மரியாதையாகவே வைக்கலாம், அம்மா. "தகவலுக்கு நன்றி, அலுவலக எண்ணில் நானே அழைத்துக் கட்டிவிடுகிறேன்" என்று சொல்லி வைத்துவிடச் சொல்லுங்கள். பாக்கி உண்மையாக இருந்தால் அலுவலகத்திலும் அதே தொகையைத்தான் சொல்வார்கள். வேலை பார்க்கும் அதிகாரிக்கு இதில் கோபம் வர ஒன்றும் இல்லை. வைக்கவே விடாமல் பேச்சை இழுத்துப் பிடிப்பவருக்குத்தான் வரும்.

வீட்டில் கம்பித் தொலைபேசி இருந்தால் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். சில இணைப்புகளில் நாம் ரிசீவரை வைத்தாலும், கூப்பிட்டவர் வைக்கும்வரை வரி துண்டாகாமல் சிறிது நேரம் நிற்கும். அப்பா உடனே எடுத்து அலுவலக எண்ணைச் சுழற்றினால் மறுமுனையில் அதே ஆள்தான் வேறு குரலில் பேசுவான். கைப்பேசியிலிருந்து அழைப்பது நல்லது. அது இல்லையென்றால் முதலில் உங்களை அழைக்கச் சொல்லுங்கள். உங்கள் குரல் கேட்டால் வரி விட்டுப்போயிற்று என்று தெரிந்துவிடும்.

---

தூறல்

கம்பித் தொலைபேசிதான் வைத்திருக்கிறார். தாளின் மேலேயே என் எண்ணை எழுதச் சொல்லிவிட்டேன்.